லென்ஸ் மாற்றும் அந்தச் சில விநாடிகள்

கமரா என்பது ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு ஸ்டூடியோவில் மட்டும் இருந்த பொருள். இன்று அது பல வீடுகளின் அலுமாரிக்குள் வந்துவிட்டது. பாடசாலை ஊடகக் கழகங்களில் மாணவர்கள் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகின்றனர். படிப்பை முடித்த இளைஞர்கள் பலர் கல்யாண வீடுகளில் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டுள்ளனர். பெண்கள் பகுதியில் படமெடுப்பதற்கென்று பெண்களே இத்துறைக்கு வருவதையும் இப்போது காண்கிறோம்.

இவர்கள் பாவிக்கும் கமராக்களில் பெரும்பாலானவை லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டக் கூடியவை. மணமகளின் கையிலுள்ள மருதாணியை அருகிலிருந்து எடுக்க ஒரு லென்ஸ், மண்டபம் முழுவதையும் அடக்க ஒரு லென்ஸ், மைதானத்தின் மறுகோடியில் ஓடும் பிள்ளையை எட்டிப்பிடிக்க இன்னொரு லென்ஸ் என்று தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இது பெரும் வசதிதான். ஆனால் ஒரு லென்ஸைக் கழற்றி மற்றதை மாட்டுவதற்கிடையிலுள்ள சில விநாடிகளில் கமராவின் உள்ளுறுப்பு வெளிக்காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. கமராவுக்கு நேரும் பாதிப்புகளில் கணிசமானவை அந்தச் சில விநாடிகளிலேயே நேருகின்றன.

சில இலட்சம் ரூபாய் கடன்பட்டு வாங்கிய கமரா பழுதடைந்தால் அது ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பாதிக்கும். அதைவிடப் பெரிய விடயமும் உண்டு. கல்யாணம் ஒருமுறைதான் நடக்கும். வெளிநாட்டில் தொழில் செய்யும் ஒரு தகப்பன் மகளின் கல்யாணத்தைப் படங்களில் மட்டுமே காணும் நிலை எமது ஊர்களில் புதிதல்ல. அந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி விழுந்திருந்தால் மீண்டும் ஒருமுறை எல்லோரையும் நிறுத்திப் படமெடுக்க முடியாது. ஆகவே லென்ஸ் மாற்றும் ஒழுங்கை, கமராவைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே கற்றுக்கொள்வது நல்லது.

பிலிம் கமராவும் டிஜிட்டல் கமராவும்

"நாங்கள் முப்பது வருடம் பிலிம் கமரா பாவித்தோம். இப்படியெல்லாம் பயந்ததில்லையே" என்று பழைய படப்பிடிப்பாளர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே.

பிலிம் கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் பிலிம் ஒரு கட்டம் நகர்ந்து புதிய பகுதி முன்னால் வந்துவிடும். ஒரு தூசி பிலிமில் ஒட்டினாலும் பெரும்பாலும் அது அந்தக் கட்டத்தோடு சுருளுக்குள் போய்விடும். டிஜிட்டல் கமராவில் பிலிமின் இடத்தில் இருப்பது சென்சர் எனப்படும் ஒளியுணரி. அது இடம் மாறாது. முதலாவது படத்தையும் பத்தாயிரமாவது படத்தையும் அதே சென்சர்தான் எடுக்கிறது. அதன் மேல் ஒரு தூசி குந்திக்கொண்டால், அகற்றும் வரை எல்லாப் படங்களிலும் அது தோன்றக்கூடும்.

உண்மையில் தூசி படிவது சென்சரின் மேலல்ல, அதற்கு முன்னால் பொருத்தப்பட்டிருக்கும் மெல்லிய கண்ணாடித் தகட்டின் மேலாகும். அத்தூசியின் நிழலே படத்தில் புள்ளியாகத் தெரிகிறது.

அதன் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். பெரிய வகைக் கமராக்களின் சென்சர் 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. 24 மெகாபிக்சல் கமராவாயின் அந்த 36 மில்லிமீற்றருக்குள் 6000 புள்ளிகள் வரிசையாக அடங்கியுள்ளன. அதாவது ஒரு புள்ளியின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் 6 பங்கு மட்டுமே. மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு இதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் வரலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலிழைத் துண்டுகூட படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

திறந்தால் என்ன தெரிகிறது?

டீ.எஸ்.எல்.ஆர். எனப்படும் கமராக்களில் லென்ஸைக் கழற்றினால் முதலில் சாய்வான ஒரு கண்ணாடி தெரியும். அதன் பின்னால் ஷட்டர் திரை, அதற்கும் பின்னால் சென்சர். எனவே உள்ளே போகும் தூசி உடனே சென்சரைச் சேர்வதில்லை. கண்ணாடியைச் சுற்றிப் படிந்து, பின்னர் கண்ணாடியும் ஷட்டரும் அசையும்போது மெல்ல மெல்ல உள்ளே நகர்கிறது.

இப்போது பரவலாகிவிட்ட மிரர்லெஸ் கமராக்களில் அந்தக் கண்ணாடி கிடையாது. பல மொடல்களில் லென்ஸைக் கழற்றியதும் சென்சர் நேரடியாக வெளியே தெரியும். 2018ஆம் ஆண்டில் வந்த கெனன் ஈ.ஓ.எஸ். ஆர் கமராவில், சுவிட்சை அணைத்ததும் ஷட்டர் திரை தானாக மூடிச் சென்சரை மறைக்கும் ஏற்பாடு இருந்தது. 2021இல் வந்த நிக்கோன் இஸட் 9 கமராவில் ஷட்டர் திரையே இல்லை. அதற்குப் பதிலாகச் சென்சரைக் காக்கவென்று தனியான மறைப்பு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. உங்கள் கமராவில் இவ்வாறான வசதி உண்டா என்பதைக் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில மொடல்களில் மெனுவுக்குச் சென்று நாமாகவே அதை இயங்கச் செய்ய வேண்டியிருக்கும்.

திரை மூடியிருக்கிறது என்பதற்காகக் கவனயீனமாக இருந்துவிடவும் கூடாது. ஷட்டர் திரை மிக மெல்லியது. விரல் பட்டால் வளைந்துவிடும். வளைந்தால் திருத்துமிடத்துக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை.

மாற்றுவதற்கு முன்

லென்ஸ் மாற்றுவதில் அரைவாசி வேலை கழற்றுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கழற்றிய பின்னர் பையைத் திறந்து மற்ற லென்ஸைத் தேடுவதே பலரும் விடும் தவறு. தேடும் நேரமெல்லாம் கமரா வாய் திறந்து கிடக்கும்.

முதலில் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். மணமகளை அலங்கரிக்கும் அறையில் முகப்பவுடர் பறக்கும், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே காற்றில் மிதக்கும், சாம்பிராணிப் புகையும் சேர்ந்திருக்கும். அங்கு லென்ஸ் மாற்றாமல், ஓரெட்டு நடந்து பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும் மைதானமாயின் வகுப்பறைக்குள்ளோ நிறுத்தி வைத்த வாகனத்துக்குள்ளோ சென்று மாற்றலாம். அதற்கும் வழியில்லையென்றால் காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி, உடம்பையே மறைப்பாக்கிக்கொள்ளுங்கள். நூல் உதிரும் சால்வை, கம்பளி ஆகியவற்றுக்கு மேல் வைத்து மாற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது உட்காருவது. நின்றபடி மாற்றினால் கை தவறும் லென்ஸ் நிலத்தில்தான் விழும். உட்கார்ந்து மடியில் வைத்து மாற்றினால் மடியோடு போய்விடும். உட்கார முடியாதபோது கமராவின் பட்டி கழுத்தில் இருக்கட்டும். அப்போது இரண்டு கைகளும் லென்ஸுக்காக ஓய்வாக இருக்கும்.

மாற்றும் முறை

முதலாவதாக, கமராவின் சுவிட்சை அணையுங்கள். கமராவும் லென்ஸும் தம்மிடையே மின்முனைகள் மூலம் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. அந்தத் தொடர்பு நடந்துகொண்டிருக்கும்போது கழற்றுவது முறையல்ல. கமரா நிறுவனங்களின் கைநூல்களும் அணைத்துவிட்டு மாற்றும்படியே கூறுகின்றன.

இரண்டாவதாக, மாட்டப்போகும் லென்ஸைப் பையிலிருந்து வெளியே எடுத்து அருகில் வையுங்கள். அதன் பின்மூடியைக் கழற்றிவிடாமல் தளர்த்தி மட்டும் வையுங்கள். லென்ஸின் பின்புறத்தில் தூசி தெரிந்தால், புளோவர் எனப்படும் றப்பர் குமிழினால் இப்போதே ஊதிவிடுங்கள். கமராவுக்குள் தூசி போகும் முக்கிய வழிகளில் ஒன்று இந்த லென்ஸின் பின்புறம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மூன்றாவதாக, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தூசி மேலிருந்து கீழே விழும் பொருள். வாய் மேல்நோக்கி இருந்தால் அது நேராக உள்ளே இறங்கும். முக்காலியில் பூட்டிய கமராவாயின் அதைக் கீழ்ப்பக்கமாகச் சரித்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, விடுவிக்கும் பொத்தானை ஒரு கையால் அழுத்தியபடி மறு கையால் லென்ஸைத் திருப்பிக் கழற்றுங்கள். திருப்பும் திசை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. கமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது கெனன், சோனி கமராக்களில் கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகத் திருப்பினால் லென்ஸ் கழலும். நிக்கோனில் கடிகார முள்ளின் திசையில் திருப்பினால்தான் கழலும். ஒரு வகையில் பழகிய கை மற்ற வகையில் தடுமாறுவது இதனால்தான். நண்பரின் கமராவை இரவல் வாங்கும்போது இதை முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, புதிய லென்ஸின் மூடியை அகற்றி, லென்ஸிலுள்ள அடையாளத்தையும் கமராவிலுள்ள அடையாளத்தையும் நேராகச் சேர்த்துப் பொருத்துங்கள். சிலவற்றில் இவ்வடையாளம் சிவப்புப் புள்ளி, சிலவற்றில் வெள்ளைப் புள்ளி. பொருந்தியதும் "கிளிக்" என்ற சத்தம் கேட்கும் வரை திருப்புங்கள். திருப்பும்போது விடுவிக்கும் பொத்தானில் விரல் இருக்கக் கூடாது. பொத்தானை அழுத்தியபடி திருப்பினால் பூட்டு விழாது. பூட்டு விழாத லென்ஸ், நாம் நாலடி நடந்த பின்னர் தானாகக் கழன்று நிலத்தில் விழும். எனவே சத்தம் கேட்ட பின்னரும் ஒருமுறை இலேசாக எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்த்து உறுதிசெய்வது நல்ல பழக்கம்.

ஆறாவதாக, கழற்றிய லென்ஸுக்கு உடனே பின்மூடியைப் போட்டுப் பையில் வையுங்கள். படமெடுக்கும் அவசரத்தில் லென்ஸைக் கதிரையின் மேல் வைத்துவிட்டுப் போனால், அந்தக் கதிரையில் யாராவது வந்து உட்காருவார்கள்.

லென்ஸ் திரும்ப மறுத்தால் பலத்தைப் பிரயோகிக்க வேண்டாம். மெதுவாக எடுத்து, அடையாளங்கள் நேராக உள்ளனவா, அந்த லென்ஸ் இந்தக் கமராவுக்கு உரியதுதானா என்று பாருங்கள். ஒரே நிறுவனத்தின் லென்ஸ் என்பதற்காக அந்நிறுவனத்தின் எல்லாக் கமராக்களுக்கும் அது பொருந்திவிடாது. லென்ஸின் பின்னாலுள்ள பொன்னிற மின்முனைகளையும் விரலால் தொட வேண்டாம். விரலின் வியர்வையும் எண்ணெயும் அங்கு படிந்தால் கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையிலான தொடர்பு தடைப்படலாம்.

விளையாட்டுப் போட்டிகளில் பாவிக்கும் நீண்ட லென்ஸ்களில் ஒன்றரைக் கிலோ எடையுள்ளவையும் உண்டு. அவற்றை மாட்டிய பின்னர் கமராவை மட்டும் பிடித்துத் தூக்கினால் முழுப் பாரமும் இணைப்பு வளையத்தில் தங்கும். லென்ஸின் அடிப்பாகத்தில் கையைக் கொடுத்தே தூக்க வேண்டும்.

கடற்காற்றும் குளிரூட்டியும்

எமது ஊர்களில் பல கடலோரத்தில் அமைந்தவை. கிழக்கில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் புழுதியும் எவ்வாறு பறக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கற்பிட்டியிலும் மன்னாரிலும் காற்றுக் காலம் அதைவிடக் கடுமையானது. மணற்றுகள் கண்ணாடியைக் கீறக்கூடியது. கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டால் ஊதிப் போக்க முடியாது. எனவே கடற்கரையில் லென்ஸ் மாற்றுவதில்லை என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம். எந்த லென்ஸ் தேவைப்படும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்து, அதை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள். மழையிலும் இதே சட்டம்தான்.

குளிரூட்டிய மண்டபங்களில் வேறொரு சிக்கல் உண்டு. நெடுநேரம் குளிரில் இருந்த கமராவைத் திடீரென வெளியே வெக்கைக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த போத்தலில் நீர்த்துளிகள் அரும்புவது போல லென்ஸில் பனிப்படலம் படியும். அவ்வேளையில் லென்ஸைக் கழற்றினால் ஈரக்காற்று உள்ளே புகுந்து சென்சரின் முன் கண்ணாடியிலும் படிந்துவிடும். மண்டபத்தை விட்டு வெளியேறும் முன்னர் கமராவைப் பையில் வைத்து மூடிவிடுங்கள். ஒரு பொலித்தீன் உறையில் இட்டுக் கட்டிவைத்தால் இன்னும் நல்லது. வெளி வெப்பநிலைக்கு அது மெதுவாக வந்த பின்னர் திறக்கலாம். வெளிப்புறக் குழுப்படங்கள் எடுக்க வேண்டியிருந்தால் அரைமணி நேரமாவது முன்கூட்டியே கமராவை வெளியே கொண்டுவந்து பைக்குள்ளேயே வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

தூசி புகுந்துவிட்டதா? பரீட்சித்துப் பாருங்கள்

தூசி எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரித் தெரிவதில்லை. லென்ஸின் துவாரம் அகலத் திறந்திருக்கும்போது தூசியின் நிழல் கலைந்து மறைந்துவிடும். துவாரம் சிறுத்து எஃப் 16, எஃப் 22 என வரும்போது நிழல் கூர்மையாகி, புள்ளி பளிச்சென்று தெரியும். இதனால்தான் மண்டபத்துக்குள் குறைந்த வெளிச்சத்தில் இரவு முழுவதும் படமெடுத்த ஒருவர் ஒன்றும் அறியாமல் இருப்பார். மறுநாள் வெயிலில் வானத்தைப் பின்னணியாக வைத்துக் குடும்பப் படம் எடுக்கும்போதுதான் புள்ளிகள் வெளிப்படும்.

எனவே முக்கியமான வேலைக்கு முதல் நாளே பரீட்சித்துவிட வேண்டும். துவாரத்தை எஃப் 16 அல்லது எஃப் 22இல் வையுங்கள். போக்கஸைக் கையால் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ மேகமற்ற வானத்தையோ ஒரு படம் எடுங்கள். அதைத் திரையில் பெரிதாக்கி மூலைக்கு மூலை பாருங்கள். கரும்புள்ளியோ நூலிழையோ தெரிந்தால் அது சென்சரின் மேலுள்ள தூசியாகும். லென்ஸின் முன்கண்ணாடியிலுள்ள தூசி இவ்வாறு தெளிவான புள்ளியாகத் தெரியாது. டீ.எஸ்.எல்.ஆர். கமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளையில் மட்டும் தெரிந்து படத்தில் தெரியாத தூசி, உள்ளிருக்கும் கண்ணாடியிலோ அதன் மேலுள்ள தகட்டிலோ இருப்பதாகும். அதனால் படத்துக்குப் பாதிப்பில்லை.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். சென்சரில் காட்சி தலைகீழாகவே விழுகிறது. எனவே படத்தின் மேற்பகுதியில் தெரியும் புள்ளிக்குரிய தூசி சென்சரின் கீழ்ப்பகுதியில் இருக்கும்.

தூசி இருப்பது உறுதியானால் முதலில் கமராவிலேயே உள்ள சுத்திகரிப்பு வசதியைப் பாவியுங்கள். 2003ஆம் ஆண்டில் வந்த ஒலிம்பஸ் ஈ-1 கமராவில்தான், சென்சரின் முன்னாலுள்ள தகட்டை மிக வேகமாக அதிரச் செய்து தூசியை உதறும் முறை முதன்முதலாக அறிமுகமானது. பின்னர் மற்ற நிறுவனங்களும் அவ்வாறான ஏற்பாடுகளைச் செய்தன. உலர்ந்த தூசி இதனால் உதிரும். ஈரமும் எண்ணெயும் கலந்தது உதிராது.

உதிராவிட்டால் கமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து றப்பர் குமிழினால் ஊதலாம். குமிழின் முனை உள்ளே நுழையாமல் வெளியிலேயே இருக்க வேண்டும். டீ.எஸ்.எல்.ஆர். கமராவாயின், மெனுவில் சுத்திகரிப்புக்கான நிலையைத் தெரிவு செய்து கண்ணாடியை உயர்த்திய பின்னரே ஊத வேண்டும். பெற்றரி முழுமையாக நிரம்பியிருப்பது அவசியம். இடையில் மின் குறைந்தால் கண்ணாடியும் திரையும் திடீரென விழுந்து பழுதடையலாம்.

வாயால் ஊதுவதை அறவே விட்டுவிடுங்கள். மூச்சோடு எச்சில் துளிகளும் போகும். தகரப் போத்தலில் அடைத்து விற்கப்படும் அழுத்தக் காற்றும் கூடாது, அதிலிருந்து திரவம் தெறித்துக் கறையாகிவிடலாம். கைலேஞ்சி, கண்ணாடி துடைக்கும் துணி, காதுக்குப் பாவிக்கும் பஞ்சுக்குச்சி ஆகியவற்றுக்கும் சென்சரின் அருகே வேலையில்லை. ஊதியும் போகாத தூசியை அனுபவமுள்ள திருத்துநரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

எல்லாத் தூசிக்கும் பாவிப்பவரே பொறுப்பா?

எப்போதும் அப்படியல்ல. 2012இல் வெளிவந்த நிக்கோன் டீ 600 கமராவில், கவனமாகப் பாவித்தவர்களின் படங்களிலும் புள்ளிகள் நிறையத் தெரிவதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2013இல் டீ 610 என்ற அடுத்த மொடல் வந்தது. 2014 பெப்ரவரியில் அந்நிறுவனம், டீ 600 கமராக்களைச் சோதித்துச் சுத்தம் செய்து ஷட்டர் பாகத்தையும் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. உத்தரவாதக் காலம் முடிந்தவற்றுக்கும் இது பொருந்தும் என்று கூறப்பட்டது.

இதில் எமக்கு ஒரு படிப்பினை உண்டு. கவனமாக இருந்தும் புள்ளிகள் மீண்டும் மீண்டும் அதே பகுதியில் தோன்றினால், பரீட்சித்த படங்களைத் திகதியோடு சேமித்து வைத்து விற்றவரிடம் காட்டலாம். பழைய கமரா வாங்குவோரும் மேற்சொன்ன வெள்ளைச் சுவர்ப் பரீட்சையைக் காசு கொடுப்பதற்கு முன்னர் செய்துகொள்ள வேண்டும்.

மூடியும் பையும்

தூசியின் இருப்பிடம் பெரும்பாலும் எமது பையே. லென்ஸின் பின்மூடிகளைச் சட்டைப்பையில் போட்டால் அங்குள்ள நூலிழையெல்லாம் மூடிக்குள் சேரும். பின்னர் மூடி வழியாக லென்ஸுக்கும், லென்ஸ் வழியாகக் கமராவுக்கும் போகும். பல வகைக் கமராக்களில் லென்ஸின் பின்மூடியையும் கமராவின் வாய்மூடியையும் ஒன்றோடொன்று முகம் சேர்த்துப் பூட்டிவிடலாம். அப்படிச் செய்தால் இரண்டின் உட்புறமும் சுத்தமாக இருக்கும். மாதம் ஒருமுறை பையை வெறுமையாக்கித் தட்டி, மூடிகளையும் ஊதித் துடைத்து வைப்பது சிறிய வேலைதான்.

லென்ஸ் மாட்டாத கமராவை வாய்மூடி இல்லாமல் ஒரு நிமிடமும் வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் பைக்குள் சிலிக்கா ஜெல் பொதிகள் சிலவற்றை இட்டு வைத்தால் லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பதையும் குறைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேவையில்லாமல் லென்ஸ் மாற்றாதிருப்பதே நல்ல பாதுகாப்பு. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே கேட்டறிந்து, எந்தப் பகுதிக்கு எந்த லென்ஸ் என்று தீர்மானித்துக்கொண்டால் பத்து முறை மாற்றும் இடத்தில் இரண்டு முறை போதும். இருவர் சேர்ந்து வேலை செய்வதாயின், ஒருவர் அகன்ற காட்சிக்கான லென்ஸோடும் மற்றவர் தூரத்துக்கான லென்ஸோடும் நின்றுகொள்ளலாம்.

பொதுக் கமராவைப் பாவிப்போர் கவனத்துக்கு

பாடசாலைக் கமரா ஒருவருக்குச் சொந்தமானதல்ல. பழைய மாணவர்களும் பெற்றோரும் சேர்த்துக் கொடுத்த பணத்தில் வாங்கியதாக இருக்கலாம். அது பலரின் அமானிதம். நாலு கை மாறும் பொருளில் தவறு எங்கு நேர்ந்தது என்று கண்டறிவது கடினம். ஆகவே பொறுப்பாசிரியர்கள் மேற்சொன்ன ஒழுங்கை ஒரு தாளில் எழுதிக் கமராப் பைக்குள் வைக்கலாம். வெள்ளைச் சுவர்ப் பரீட்சைப் படம் ஒன்றை எடுத்துக்காட்டிய பின்னரே கமராவை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வீண் மனஸ்தாபமும் ஏற்படாது.

புதிதாகப் பழகும் பிள்ளைகளை முதலில் வீட்டில், மெத்தையின் மேல் விரித்த சுத்தமான விரிப்பில் உட்கார வைத்துப் பழக்குங்கள். கண்ணால் பாராமலே கை செய்யும் அளவுக்கு இருபது, முப்பது முறை செய்யட்டும். "கிளிக்" சத்தம் கேட்காமல் கையை எடுக்கக் கூடாது என்பதை முதலில் மனதில் பதிய வையுங்கள். அதன் பின்னர் மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் அனுப்பலாம். கல்யாண வீட்டின் சன நெருக்கடியில், மணமகன் வந்துவிட்டார் என்ற சத்தத்துக்கு நடுவில், யோசித்து யோசித்து லென்ஸ் மாற்ற நேரம் இராது. வீட்டில் பழகிய கை மட்டுமே அங்கு உதவும்.